டியூப் போடும்போது பிரஷர் எகிறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையும் மயக்க மருந்து டாக்டர் நான். காலையில் ஒரு பித்தப்பை, மதியம் ஒரு தைராய்டு, ராத்திரி பதினோரு மணிக்கு ரோட்டில் அடிபட்டு வந்த ஒரு பையன், இப்படித்தான் நாள் போகும். செட்டிநாட்டுப் பக்கம் என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முகப்பு, வளவு, பட்டாசாலை என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் பெரியவர்கள் ரெண்டு பேர் மட்டும். பிரஷர் இருக்கும், சுகர் இருக்கும், சிலருக்கு மதுரையில் வைத்த ஸ்டென்ட்டும் இருக்கும். இந்த மாதிரி ஒருவரைத் தூங்கவைத்து, வாயைத் திறந்து, ஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்) விட்டு நாக்கைத் தூக்கி மூச்சுக்குழலுக்குள் டியூப் போடும் அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, பல ஆபரேஷன்களில் கத்தி வைப்பதைவிட அதுதான் உடம்புக்குப் பெரிய அடி.

மயக்கவியல் படித்துவிட்டு முதல் தடவையாகத் தனியாகக் கேஸ் எடுக்கப்போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால், "ஆபரேஷன் அரைமணிதான், மயக்கம் கொடுக்கவே அவ்வளவு நேரம் ஆக்கிட்டாரே அந்த டாக்டர்" என்கிற கோபமாவது கொஞ்சம் குறையும்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நாக்கின் அடிப்பகுதி, தொண்டையின் பின்சுவர், குரல்வளை மூடி, இந்த இடங்களிலெல்லாம் ஒன்பதாம், பத்தாம் மூளை நரம்புகளின் கிளைகள் இருக்கின்றன. ஸ்கோப்பின் பிளேடு அங்கே அழுத்தித் தூக்கும்போது செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து சிம்பதெடிக் நரம்புகள் வழியாக நார்அட்ரினலினும் கொஞ்சம் அட்ரினலினும் ரத்தத்தில் கொட்டுகின்றன. பேஷன்ட் தூங்குகிறார் என்பதற்காக இது நிற்பதில்லை. நினைவு போவது வேறு, இந்த அனிச்சைச் செயல் அடங்குவது வேறு. ஸ்கோப் பட்ட சில விநாடிகளில் ஆரம்பித்து, ஒன்று இரண்டு நிமிஷத்தில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள், சிலருக்குப் பத்து நிமிஷத்துக்குள், தானாக அடங்கிவிடும். மேல் பிரஷர் 40, 50 கூடுவதும் பல்ஸ் 20, 30 கூடுவதும் சாதாரணம். ஏற்கெனவே பிரஷர் இருக்கிறவர்களுக்கு ஏற்றமும் அதிகம், அப்புறம் வரும் இறக்கமும் அதிகம். ஸ்கோப்பைத் தூக்குவது பெரும்பாலும் பிரஷரை ஏற்றுகிறது. டியூப் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழலுக்குள் இறங்குவது பல்ஸையும் சேர்த்துத் தூக்குகிறது. இருபது வயதுப் பையனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் பாதி அடைத்திருக்கும் எழுபது வயதுக்காரருக்கு பல்ஸ் 130 என்றால், இதயத்துக்கு வேலை கூடுகிறது, அது ரத்தம் வாங்கிக்கொள்ளும் இடைவெளி குறைகிறது. பிரஷர் ஏறுவதைவிட பல்ஸ் ஏறுவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். தனியாகக் கேஸ் எடுக்க ஆரம்பித்த புதிது. 68 வயது ஆச்சி, பித்தப்பைக் கல், லேப்ராஸ்கோபி. சர்ஜன் அண்ணனுக்கு வேறு ஊரில் இன்னொரு கேஸ் காத்திருந்தது, "ஆரம்பிக்கலாமா தம்பி" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டார். நான் வலியடக்கும் ஃபென்டனில் 100 மைக்ரோகிராம் போட்டேன், சிரிஞ்சை மாற்றிய கையோடு தூங்கவைக்கும் புரோபோஃபால், அதன் பின்னாலேயே தசை தளர்த்தும் வெக்குரோனியம், ஒன்றரை நிமிஷத்தில் ஸ்கோப்பைக் கையில் எடுத்துவிட்டேன். குரல்நாண்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. டியூப் உள்ளே போனதும் ஆச்சி இருமினார். மானிட்டரில் 212/116, பல்ஸ் 138, இ.சி.ஜி.யில் எஸ்.டி. கோடு கீழே சரிந்துவிட்டது, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். பதறிப்போய் பிரஷரை இறக்கும் லேபட்டலால் 20 மில்லிகிராம் (மிகி), இன்னும் ஒரு 50 மிகி புரோபோஃபால், மயக்க வாயுவான செவோஃப்ளுரேன் டயலையும் நன்றாகத் திருகி வைத்தேன். பிரஷர் இறங்கியது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். சர்ஜன் கை கழுவி, பெயின்ட் அடித்து, துணி விரித்துக்கொண்டிருக்கும்போது மானிட்டர் மறுபடி கத்தியது: 68/40.

யோசித்துப் பாருங்கள். நான் போட்ட ஃபென்டனில் தன் முழு வேலையைக் காட்ட மூன்று முதல் ஐந்து நிமிஷம் எடுக்கும். ஸ்கோப் போட்டபோது அது இன்னும் வழியில் இருந்தது. ஸ்கோப்பின் அடி ஓய்ந்து, யாரும் பேஷன்ட்டைத் தொடாத நேரத்தில், ஃபென்டனில், லேபட்டலால், ரெண்டாவது புரோபோஃபால், செவோ நான்கும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்தபிறகு சமையல்காரர் வந்து நின்றாற்போல. பிரஷரை ஏற்றும் மெஃபென்டர்மின் மூன்று தடவை போட்டுத்தான் மேலே கொண்டுவந்தேன். ஆச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை, எஸ்.டி. திரும்பிவிட்டது, மறுநாள் இ.சி.ஜி.யும் பழையபடியே இருந்தது. என்னிடம் அவர் சொன்ன ஒரே புகார், "தம்பி, தொண்டைதான் கரகரங்குது."

அன்று முதல் எனக்கு ஒரே பாடம். எந்த மருந்து என்பதில் ஆயிரம் கட்சி இருக்கிறது, சண்டை போட்டுக்கொள்ளட்டும். எந்த நிமிஷத்தில் என்பதில் ஏமாந்தால் எந்த மருந்தும் கைகொடுக்காது.

வேலை முந்தின நாளே ஆரம்பிக்கிறது

அந்த ஆச்சியின் கதையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. வார்டில் போய்ப் பேசியபோதுதான் தெரிந்தது.

"ஆச்சி, அன்னைக்குக் காலையில பிரஷர் மாத்திரை போட்டீகளா?"

"நீங்கதானே தம்பி வெறும் வயிறா இருக்கச் சொன்னீக. பச்சைத் தண்ணி பல்லுல படலை."

நாம் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறார், தப்பு நம்முடையது. "சாப்பிடாதீர்கள்" என்று மட்டும் சொல்லாமல், எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு ஒரு மடக்குத் தண்ணீரோடு போட வேண்டும் என்று தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வெறும் தண்ணீர் ரெண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம், மாத்திரைக்கு எந்தத் தடையும் இல்லை. மெட்டோபுரோலால், அட்டெனலால் வகை பீட்டா பிளாக்கர்களை (பல்ஸைக் குறைக்கும் மாத்திரைகள்) வழக்கமாகச் சாப்பிடுகிறவர் காலையில் கட்டாயம் போட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் பல்ஸ் பழிவாங்கும். அம்லோடிபின் போடலாம். குளோனிடினை நிறுத்தவே கூடாது. டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனாலப்ரில் வகையறாவை மட்டும் 24 மணி நேரம் முன்பே நிறுத்திவைப்பது என் வழக்கம், இல்லையென்றால் தூங்கவைத்த பிறகு பிரஷர் பாதாளத்துக்குப் போய், சாதாரண மருந்துக்கு மசியாது. இதில் ஒரு சிக்கல், நம் ஊரில் நிறையப் பேர் சாப்பிடுவது டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் கலந்த ஒரே மாத்திரை. அதற்கு அன்று காலை மட்டும் தனி அம்லோடிபின் வாங்கிப் போடச் சொல்லுங்கள், பத்து ரூபாய் சமாச்சாரம்.

எந்த பிரஷருக்கு மேல் கேஸைத் தள்ளிவைப்பது? 2016-ல் பிரிட்டனின் மயக்கவியல் சங்கமும் ஹைபர்டென்ஷன் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் 180/110 என்று கோடு போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனையும் செய்யலாம். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் தியேட்டர் டேபிளில் படுத்தபிறகு பார்க்கும் பிரஷர், பேஷன்ட்டின் சொந்த பிரஷர் கிடையாது, அது பயத்தின் பிரஷர். வார்டில் முந்தின சாயங்காலம் பார்த்தது, ஊர் டாக்டரின் சீட்டில் எழுதியிருப்பது, இவற்றை வைத்து ஒரு அடிப்படை எண்ணைப் பிடியுங்கள். 140/80 என்றால் சராசரி அழுத்தம் 100 (கீழ் எண்ணோடு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும்). அதிலிருந்து மேலே கீழே 20 சதவீதம், அதாவது 80-க்கும் 120-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். அந்த ரெண்டு எண்களையும் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் எழுதிவிடுவேன். பதற்றத்தில் யாருக்கும் கணக்கு வராது.

அப்படியே சாப்பாடும் விசாரித்துவிடுங்கள். உப்புக்கண்டம், வத்தல், ஊறுகாய் இல்லாமல் எங்கள் பக்கம் சோறு இறங்காது. "உப்பைக் குறைச்சாச்சு" என்று சொல்பவரின் வீட்டு ஜாடியைப் பார்த்தவன் நான்.

கடிகாரத்தை வைத்து ஒரு கேஸ்

சுவரில் விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம் வேண்டும், அது படுத்திருப்பவர் தலைமாட்டில் நிற்கும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஊர்ப் பழைய பொருள் கடைகளில் பெண்டுலம் கடிகாரங்கள் நிறையத் தொங்கும், அழகுக்கு அது சரி. தியேட்டருக்கு முந்நூறு ரூபாய் பேட்டரி கடிகாரம் போதும்.

60 கிலோ, 65 வயது, பிரஷர் உள்ள, மற்றபடி திடமான ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கோப் வாய்க்குள் போகும் நேரத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

அதற்கு முன்னால் மானிட்டர். பிரஷர் கஃப் கைக்குச் சரியான அளவில் இருக்க வேண்டும், சின்ன கஃப் பொய்யாக அதிகம் காட்டும். ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக அளக்கும்படி வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று விட்டால் ஏற்றம் வந்து போனதே தெரியாது. இ.சி.ஜி.க்கு ஐந்து லீட் (வயர்) இருந்தால் இரண்டாம் லீடும் வி5-ம் ஓடட்டும். சின்ன இடங்களில் மூன்று லீட் மானிட்டர்தான் இருக்கும். அப்போது வலது கை எலக்ட்ரோடை மார்பெலும்பின் மேல்முனையிலும் இடது கை எலக்ட்ரோடை இடது மார்பின் பக்கவாட்டில் உள்ள வி5 இடத்திலும் ஒட்டி, முதலாம் லீடைத் தேர்ந்தெடுத்தால், ரத்தம் போதாமல் இதயம் தவிப்பது நன்றாகத் தெரியும். வெளிவிடும் மூச்சின் கரியமிலவாயுவை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் இல்லாத இடத்தில் டியூப் போடும் கேஸையே நான் எடுப்பதில்லை.

மருந்துகளை முன்பே லோடு பண்ணி, ஒவ்வொரு சிரிஞ்சிலும் பெயரும் ஒரு மில்லியில் எவ்வளவு என்பதும் எழுதி ஒட்டுங்கள். ஏற்றும் மருந்து ஒரு டிரேயில், இறக்கும் மருந்து இன்னொரு டிரேயில். பல்ஸை இறக்கும் எஸ்மோலால் ஒரு மில்லியில் 10 மிகி. மெஃபென்டர்மின் ஒரு மில்லியில் 3 மிகி ஆகும்படி கலக்கியது, பல்ஸை ஏற்றும் அட்ரோபின் ஒன்று. ஃபினைல்எஃப்ரின் வைத்திருந்தால் 10 மிகி ஆம்ப்யூலை 100 மில்லி சலைனில் கலந்து, ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம்.

ஆறரை நிமிஷம் முன்னால் ஆக்சிஜன் மாஸ்க். இறுக்கமாக, ஓட்டையில்லாமல், மூன்று நிமிஷத்துக்குக் குறையாமல். ஆக்சிஜன் குறைந்தாலும் கரியமிலவாயு கூடினாலும் பல்ஸும் பிரஷரும் எகிறும், அதற்கு எந்த மருந்தும் போட்டுப் பிரயோஜனமில்லை.

ஐந்து நிமிஷம் முன்னால் ஃபென்டனில், கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், நம் ஆளுக்கு 120. மெதுவாக. ரொம்ப வயதானவர், மெலிந்தவர் என்றால் 1 முதல் 1.5 போதும். இதை 5, 6 என்று ஏற்றினால் ஏற்றம் இன்னும் நன்றாக அடங்கும், உண்மை. ஆனால் அரைமணி நேர ஆபரேஷன் முடிந்து மூச்சு விட மறந்து கிடப்பார், மூச்சைப் பார்த்துக்கொள்ள ராத்திரி முழுக்க ஆள் உள்ள இடம்தானா என்று யோசித்துக்கொள்ளுங்கள். போட்டதும் அவரிடம் பேச்சுக் கொடுங்கள். "ஐயா, எந்த ஊரு, நகரக்கோயில் எது?" என்று கேட்டால் போதும், பதில் முடிவதற்குள் ஒன்றரை நிமிஷம் ஓடிவிடும். பயத்தைத் தணிக்கும் மிடஜோலம் போடாமலே பல்ஸ் பத்து குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றரை நிமிஷம் முன்னால் புரோபோஃபால். வயதானவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 மிகி, அரை நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, இமை முடியைத் தொட்டால் அசையாத வரை. இந்த வயதில் மருந்து கையிலிருந்து மூளைக்குப் போகவே நேரம் எடுக்கும். இன்னும் தூங்கவில்லையே என்று மேலும் மேலும் தள்ளுவதுதான் பிரஷர் விழுவதற்கு முதல் காரணம். மாஸ்கில் காற்று போகிறதா என்று பார்த்துவிட்டு, வெக்குரோனியம் கிலோவுக்கு 0.1 மிகி, 6 மிகி. இது முழுதாகப் பிடிக்க மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷமும் செவோ 2 சதவீதம் வைத்து மாஸ்கில் மூச்சுக் கொடுங்கள். இந்த மூன்று நிமிஷத்தைத்தான் எல்லோரும் திருடுகிறார்கள். சர்ஜன் எட்டிப் பார்ப்பார், சிஸ்டர் ஸ்கோப்பை நீட்டுவார், உங்களுக்கே கை துறுதுறுக்கும். கடிகாரத்தைப் பாருங்கள். ரோக்குரோனியம் கிலோவுக்கு 0.6 மிகி என்றால் ஒன்றரை நிமிஷத்தில் பிடித்துவிடும், அப்போது மற்ற மருந்துகளின் நேரத்தையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். அட்ராக்குரியத்தை வேகமாகத் தள்ளினால் ஹிஸ்டமின் கிளம்பி பிரஷர் இறங்கி பல்ஸ் ஏறும், அதனால் இவர்களுக்கு நான் எடுப்பதில்லை.

ஒன்றரை நிமிஷம் முன்னால் ஒரு முடிவு. பல்ஸ் 70, பிரஷர் 120 சொச்சம் என்றால் ஒன்றும் வேண்டாம், சும்மா இருங்கள். பல்ஸ் 95-ஐத் தாண்டி நிற்கிறது, பிரஷரும் தாராளமாக இருக்கிறது என்றால் எஸ்மோலால் கிலோவுக்கு 0.5 மிகி, 30 மிகி. இல்லையென்றால் ரத்தக்குழாயில் போடும் 2 சதவீத லிக்னோகெயின், பிரிசர்வேட்டிவ் இல்லாதது, கிலோவுக்கு 1.5 மிகி, நாலரை மில்லி. லிக்னோகெயின் எல்லோருக்கும் வேலை செய்கிறதா என்பதில் ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசுவதில்லை. இருமலைக் குறைக்கிறது, கெடுதல் அதிகமில்லை, பல வருஷப் பழக்கம். அதனால் விடாமல் வைத்திருக்கிறேன், அதை மட்டும் நம்பி இறங்குவதில்லை.

பூஜ்ஜியம். தாடை தொளதொளவென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்கோப்.

ஸ்கோப் பிடிக்கும் கை

மருந்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அடி கொடுப்பதே நம் இடதுகைதான். பிளேடு உள்ளே இருக்கும் நேரம் 15 விநாடிக்குள் இருந்தால் ஏற்றம் குறைவு, அதற்குமேல் நீள நீளக் கூடுகிறது. அதற்கு முதல் வழி தலையணை. தலைக்குக் கீழே சரியான உயரம், குண்டானவர் என்றால் தோளிலிருந்தே சரிவாக அடுக்கி, காதும் மார்பெலும்பும் ஒரே மட்டத்தில் வரும்படி. பார்வை முழுதாகக் கிடைக்கவில்லையென்றால் இன்னும் பலமாகத் தூக்காதீர்கள். வலதுகையால் வெளியிலிருந்து குரல்வளையை அழுத்திக் காட்டி, டெக்னீஷியனை அதே இடத்தில் பிடிக்கச் சொல்லுங்கள், பூஜியை (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய நீளக் குச்சி) எடுங்கள். பாதிதான் தெரிந்தாலும் பூஜி வழியைக் கண்டுபிடித்துவிடும்.

இன்றும் பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது 1943-ல் மெக்கின்டாஷ் கொண்டுவந்த அதே வளைந்த பிளேடுதான். வீடியோ லாரிங்கோஸ்கோப் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், நேர்ப்பார்வைக்காக நாக்கை அவ்வளவு பலமாகத் தூக்க வேண்டியதில்லை. ஆனால் அதிலும் படம் அழகாகத் தெரிகிறது, டியூப் மட்டும் போகவில்லை என்று ஒரு நிமிஷம் குடைந்தால் லாபமெல்லாம் போச்சு. முதல் முயற்சி தோற்றால் பிளேடை வெளியே எடுத்து, மாஸ்கில் மூச்சுக் கொடுத்து, இன்னும் 20, 30 மிகி புரோபோஃபால் போட்டு, எதையாவது மாற்றிக்கொண்டு அடுத்தது. அதே தலையணை, அதே பிளேடு, அதே கோபத்தோடு மறுபடி நுழைவதில் அர்த்தமில்லை.

டியூப்தான் வேண்டுமா என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு காலி, சின்ன ஆபரேஷன், பக்கவாட்டில் படுக்கவைக்கப் போவதில்லை என்றால் குரல்நாண்களுக்கு மேலேயே உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க் வைத்தால் இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி வரவே வராது. காலுக்கோ குடலிறக்கத்துக்கோ என்றால் முதுகில் ஊசி போடலாமா என்பதே முதல் கேள்வி.

டெக்ஸ், மெக்னீசியம் பற்றி

டெக்ஸ்மெடெட்டோமிடின் இப்போது எல்லோர் பெட்டியிலும் இருக்கிறது. நல்ல மருந்து. பல்ஸ், பிரஷர் ரெண்டையும் பிடித்து வைக்கும், மற்ற மருந்தின் தேவையையும் குறைக்கும். நான் 100 மைக்ரோகிராமை 50 மில்லி சலைனில் கலந்து, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், அதாவது நம் 60 கிலோக்காரருக்கு 15 மில்லி, பத்து நிமிஷத்தில் ஓடும்படி மணிக்கு 90 மில்லி என்று பம்பில் வைப்பேன். பம்ப் இல்லையென்றால் இந்த மருந்தையே எடுக்க மாட்டேன். வேகமாகப் போனால் முதலில் பிரஷர் ஏறி, பிறகு பல்ஸ் நாற்பதுக்குப் போய் நிற்கும். ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிற, பல்ஸ் 55 உள்ள பெரியவருக்கு இதைப் போட்டுவிட்டு ஃபென்டனிலையும் முழு அளவில் போடுவது அட்ரோபினைத் தேடி ஓடுவதற்கான ஏற்பாடு.

மெக்னீசியம் கிலோவுக்கு 30 முதல் 50 மிகி, பத்துப் பதினைந்து நிமிஷத்தில். பிரஷரை நன்றாக அடக்கும், பல்ஸை அவ்வளவாக இல்லை. தசை தளர்த்தும் மருந்தின் வேலை நீண்டுபோகும் என்பதை மறக்கக் கூடாது. நைட்ரோகிளிசரின் பிரஷரை இறக்கும், பல்ஸை ஏற்றிவிடும், ஆகவே இதய நோயாளிக்கு இந்த இடத்தில் என் முதல் தேர்வு கிடையாது. கிளைகோபைரோலேட்டை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடும் பழக்கம் உள்ள இடங்கள் இருக்கின்றன. பல்ஸைக் குறைக்க இத்தனை பாடுபட்டுவிட்டு நாமே ஏற்றி விடுவானேன்?

எகிறிவிட்டது, இப்போது என்ன?

முதலில் கேப்னோகிராஃபைப் பாருங்கள், பிறகுதான் பிரஷரை. டியூப் உணவுக்குழாயில் இருந்தாலும், ஒரு பக்க நுரையீரலுக்குள் மட்டும் இறங்கியிருந்தாலும் பல்ஸும் பிரஷரும் எகிறும். அலை சரியாக வருகிறது, ரெண்டு பக்கமும் காற்று சமமாகப் போகிறது என்றால், மயக்கம் ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். புரோபோஃபால் 20 முதல் 30 மிகி, செவோவைக் கொஞ்சம் கூட்டுங்கள். அப்புறம் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கஷ்டம்தான். ஆனால் இந்த ஏற்றம் தானாக இறங்கும் ஜாதி. பல்ஸ் குறையவில்லை, எஸ்.டி. இறங்குகிறது என்றால் எஸ்மோலால் 20, 30 மிகி. அது ஒன்பது நிமிஷத்தில் பாதியாகிவிடும், ஆகவே ஏற்றத்தோடு வந்து ஏற்றத்தோடு போய்விடும். லேபட்டலால் போட்டால் அது மணிக்கணக்கில் தங்கும். ஐந்து நிமிஷ விருந்தாளிக்கு ஐந்து மணி நேர ஆளை அனுப்பி வைத்ததுதான் அந்த ஆச்சிக்கு நான் செய்த தப்பு. 

டியூபை ஒட்டி முடித்ததும் செவோவைக் குறைத்துவிடுங்கள். தோலில் கத்தி படும் வரை பத்து நிமிஷம் யாரும் பேஷன்ட்டைச் சீண்டப் போவதில்லை. அப்போதுதான் பிரஷர் விழும். வயதானவர்களுக்கு ஏற்றத்தைவிட இந்த வீழ்ச்சிதான் சத்தமில்லாமல் கெடுதல் செய்கிறது, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும். சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போக விடாதீர்கள், பிரஷர்காரருக்கு நீங்கள் ஓரத்தில் எழுதிய கீழ் எண்ணையே கோடாக வையுங்கள். பல்ஸ் குறைவாக இருந்தால் மெஃபென்டர்மின் 3 முதல் 6 மிகி, பல்ஸ் வேகமாக இருந்தால் ஃபினைல்எஃப்ரின் 50 முதல் 100 மைக்ரோகிராம். காலைத் தூக்கிப் பிடிப்பதும் ஒரு மருந்துதான்.

இந்தக் கணக்குக்குள் அடங்காதவர்கள்

குடல் ஓட்டையாகி மூன்று நாள் கழித்து வந்தவர், பல்ஸ் 130, பிரஷர் 96. அந்தப் பல்ஸ் அவரை உயிரோடு வைத்திருக்கிறது. அதை எஸ்மோலால் போட்டு இறக்கினால் ஆளும் சேர்ந்து இறங்குவார். முதலில் சலைன், தேவைப்பட்டால் நார்அட்ரினலின், பிறகு கொஞ்சமே கொஞ்சம் தூக்க மருந்து.

தலையில் அடிபட்டவருக்கு ரெண்டு பக்கமும் பள்ளம். ஏறினால் மண்டைக்குள் அழுத்தம் கூடும், இறங்கினால் மூளைக்கு ரத்தம் போகாது. ஃபென்டனிலும் லிக்னோகெயினும் நேரத்தோடு போடுங்கள், ஆனால் மேல் பிரஷர் 110-க்குக் கீழே ஒரு நிமிஷம்கூட வேண்டாம்.

கர்ப்பகால பிரஷரோடு வரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் முதுகு ஊசியே போதும். தட்டணு குறைந்தோ வலிப்பு வந்தோ டியூப் போட நேர்ந்தால், தூங்கவைப்பதற்கு முன்பே மேல் பிரஷரை 160-க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். லேபட்டலால் 20 மிகி, பத்து நிமிஷம் பார்த்துத் தேவையென்றால் 40. இவருக்கு அது சரியான மருந்து, காரணம் இவருடைய பிரஷர் ஐந்து நிமிஷத்தில் போய்விடும் வகை கிடையாது. ஃபென்டனில் போட்டால் குழந்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறந்த குழந்தை மூச்சு விடக் கொஞ்சம் சோம்பல்படலாம்.

ஆஸ்துமாக்காரருக்கு பீட்டா பிளாக்கர் வேண்டாம். மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கு பல்ஸ் ஏறவே கூடாது. அதே வால்வு ஒழுகுகிறவருக்கு பல்ஸ் ரொம்ப இறங்கக் கூடாது. அயோர்ட்டிக் வால்வு சுருங்கியிருந்தால் பிரஷர் விழுந்தபிறகு மீட்பது மிகவும் சிரமம், அவரை எக்கோ பார்க்காமல் தொடாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கதையே தலைகீழ்; ஸ்கோப் பட்டால் பல்ஸ் இறங்கலாம், ஆக்சிஜன் குறைந்தால் நிச்சயம் இறங்கும்.

எடுக்கும்போதும் அதே கதை

டியூபை எடுக்கும்போதும் அதே தொண்டை, அதே நரம்புகள், அதே இருமல். வித்தியாசம் என்னவென்றால் அப்போது சர்ஜன் டீ குடிக்கப் போயிருப்பார், சிஸ்டர் அடுத்த கேஸுக்கு டேபிள் துடைக்கத் தயாராக நிற்பார், உங்கள் பெட்டியும் பாதி கட்டியாகியிருக்கும். எஸ்மோலால் சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முழுசாக விழிக்கும் முன்பே வாயை உறிஞ்சிச் சுத்தம் செய்துவிட்டு, எடுக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது லிக்னோகெயின் கிலோவுக்கு 1 மிகி அல்லது எஸ்மோலால் 0.5 மிகி. வலிக்கு முன்பே பாராசிட்டமால் ஓடியிருக்க வேண்டும், தையல் போடும் இடத்தில் சர்ஜனிடம் மரப்பு ஊசி போடச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ பிரஷர் அளவை வார்டுக்கு அனுப்பும் வரை மாற்றாதீர்கள்.

வார்டுக்கு அனுப்பும் தாளில் ஒரு வரி கூடுதலாக எழுதுவேன்: எந்த பிரஷர் மாத்திரையை இன்று ராத்திரி, எதை நாளைக் காலையில் என்று. அந்த ஆச்சி போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு வந்தபோது நான் வாயைத் திறக்கும் முன்பே கையை நீட்டினார். உள்ளங்கையில் காலி மாத்திரை அட்டை. "போட்டுட்டேன் தம்பி, இந்தா பாருங்க."